சிவப்பு உறைகளின் கணக்கு: ஹாலிவுட் படநிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹாலிவுட் படநிறுவனங்களில் வீட்டுத் திரைப்பட விற்பனைப் பிரிவுகளை நடத்துவோருக்கு,

வணக்கம்.

என் புத்தக அலமாரியின் அடித்தட்டில் 41 சிவப்பு உறைகள் இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்களில் யாராவது குனிந்து பார்த்து, "என்ன இது, டிவிடியா?" என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லி முடித்துக்கொள்வேன். எச்டி டிவிடி என்று உயர்துல்லியப் படத் தட்டு வடிவம் ஒன்று இருந்தது, 2006 ஏப்ரலில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது, 2008 பிப்ரவரியில் செத்தது, நடுவில் நான் மாட்டிக்கொண்டேன் என்று விளக்கப் புகுந்தால் காப்பி ஆறிவிடும்.

உங்களுக்கு அந்தக் கதை தெரியும். ஆனால் இன்று அது சொல்லப்படும் விதம் எனக்கு உறுத்துகிறது. தோஷிபாவும் சோனியும் மோதின, சோனியின் ப்ளூ-ரே வென்றது, தோஷிபாவின் எச்டி டிவிடி தோற்றது என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த இரண்டு வரியில் உங்கள் பெயர் இல்லை. இரண்டு ஜப்பானியப் பயில்வான்கள் கோதாவில் கட்டிப்புரண்டார்கள், நீங்கள் வேலியோரம் நின்று கடலை கொறித்துக்கொண்டிருந்தீர்கள் என்பதுபோல் இருக்கிறது. பயில்வான்களுக்குச் சோறு போட்டது யார், யார் கழுத்தில் எந்த நாளில் மாலை விழவேண்டும் என்று முடிவு செய்தது யார் என்பதை எழுதி வைக்கத்தான் இந்த மடல். கடைசியில் ஒரு கோரிக்கையும் உண்டு. பெரிய தொகை ஒன்றும் ஆகாது, பயப்படவேண்டாம்.

பிளேயர் என்பது ஒரு பெட்டி. பெட்டியை யாரும் பெட்டிக்காக வாங்குவதில்லை. உங்கள் படம் அதில் வரும், தொடர்ந்து வரும் என்ற நம்பிக்கையில் வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கையை விதைத்தவர்கள் நீங்கள். 2004 நவம்பரில் பாரமவுண்ட், யுனிவர்சல், வார்னர் மூன்றும் எச்டி டிவிடியில் படங்களை வெளியிடுவோம் என்று அறிவித்தன. அடுத்த மாதமே டிஸ்னி ப்ளூ-ரே பக்கம் சேர்ந்தது. 2005 ஜூலையில் ஃபாக்ஸும் அங்கே போனது. சோனிக்குச் சொந்தமாகவே படநிறுவனம் இருந்ததால் அது எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. இத்தனை அறிவிப்புகளும் வந்தபோது, உங்கள் படத்தைப் போட்டுப் பார்க்க அமெரிக்கக் கடைகளில் இரண்டு வடிவங்களில் எதற்கும் ஒரு பிளேயர்கூட இல்லை. பிள்ளை பிறக்குமுன்னே சம்பந்தம் பேசி முடித்துவிட்டீர்கள்.

சரி, இரண்டு தட்டுகளுக்கும் இடையில் அப்படி என்னதான் வேறுபாடு? இரண்டும் 12 சென்டிமீட்டர் அகலத் தட்டுகள். இரண்டையும் படித்தது அதே 405 நானோமீட்டர் நீல லேசர். எச்டி டிவிடியில் தகவல் அடுக்கு, பழைய டிவிடியில் போலவே மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தது. அதனால் டிவிடி அச்சடிக்கும் ஆலைகளைச் சிறிய மாற்றங்களோடு பயன்படுத்திக்கொள்ள முடிந்தது. ப்ளூ-ரேயில் அது 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருந்தது. அடர்த்தி கூடியது, ஆலையைப் புதிதாக அமைக்கவேண்டியிருந்தது. ஓர் அடுக்கில் எச்டி டிவிடிக்கு 15 ஜிகாபைட், ப்ளூ-ரேக்கு 25. படத்தைச் சுருக்கும் முறைகள் இரண்டுக்கும் பொது. வார்னர் இரண்டிலும் வெளியிட்ட படங்கள் பலவற்றில் ஒரே சுருக்கப் பிரதிதான் இரு தட்டுகளிலும் ஏறியது. கண்ணைக் கட்டிவிட்டு உட்காரவைக்க வேண்டியதில்லை, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே எது எந்தத் தட்டு என்று என்னால் சொல்ல முடிந்ததில்லை.

உங்களில் சிலருக்கு முக்கியமாகப் பட்ட வேறுபாடு வேறு இடத்தில் இருந்தது. ப்ளூ-ரேயில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டுகள் அதிகம். இரண்டு வடிவங்களுக்கும் பொதுவான பூட்டுக்கு மேல் பிடி பிளஸ் என்று இன்னொரு பூட்டு உண்டு. ஃபாக்ஸ் அதை விரும்பியே அந்தப் பக்கம் போனது. (அந்தப் பூட்டோடு தட்டுகள் வரத் தொடங்கிய சில மாதங்களிலேயே அதை உடைத்துவிட்டார்கள் என்பதை நினைவூட்டினால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.) அதோடு மண்டலக் குறியீடு. எச்டி டிவிடிக்கு மண்டலமே கிடையாது. ப்ளூ-ரே உலகத்தை மூன்றாகப் பங்கு போட்டது: அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, ஐரோப்பா பி, இந்தியாவும் சீனாவும் ரஷ்யாவும் சி.

இந்தப் பங்கீட்டின் அருமை சென்னைக்குத் திரும்பிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஏ மண்டலத்துக்காரன், நான் சி. அமெரிக்காவில் முழு விலை கொடுத்து வாங்கிய ப்ளூ-ரே தட்டுகளில் சில, இங்கே வாங்கிய பிளேயருக்குள் போனதும் இந்த மண்டலத்துக்கு உரியவை அல்ல என்று ஒரு வரியைக் காட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டன. கூடவே கொண்டுவந்த எச்டி டிவிடி பெட்டியையோ ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரில் மாட்டினேன். எந்த ஊரில் வாங்கினாய் என்று கேட்காமல் ஓடியது. செத்த வடிவம் சென்னையில் ஓடுகிறது, வென்ற வடிவம் கதவைச் சாத்துகிறது. வார்னரும் பாரமவுண்டும் யுனிவர்சலும் தங்கள் ப்ளூ-ரேக்களில் பெரும்பாலும் மண்டலப் பூட்டு போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறது.

"சந்தை தீர்மானித்தது" என்ற வாக்கியத்தை உங்கள் துறையினர் அடிக்கடி சொல்வார்கள். சந்தை தீர்மானித்த ஒரு போர் உண்மையிலேயே நடந்திருக்கிறது. 1975இல் சோனியின் பீட்டாமேக்ஸ், 1976இல் ஜேவிசியின் விஎச்எஸ். அப்போது நீங்கள் எந்தப் பக்கமும் சேரவில்லை. யுனிவர்சலும் டிஸ்னியும் சோனிமீது வழக்குப் போட்டுக்கொண்டிருந்தன. வீடியோ ரெக்கார்டர் விற்பதே திருட்டுக்குத் துணை என்ற வாதம் 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றது. இதற்கிடையில் 1977இல் மிச்சிகனைச் சேர்ந்த ஆண்ட்ரே ப்ளே ஃபாக்ஸிடம் 50 படங்களின் உரிமையை வாங்கி, பீட்டா, விஎச்எஸ் இரண்டிலும் விற்றார். எந்த டெக் வைத்திருந்தாலும் படம் கிடைத்தது. நீண்ட நேரம் பதிவாகும் நாடா எது, பக்கத்துக் கடையில் வாடகைக்குக் கிடைப்பது எது என்று பார்த்து மக்கள் மெல்ல மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் டெக் வந்து இறங்கியது. டெக்கையும் டிவியையும் ஓர் இரவு வாடகைக்கு எடுத்து மூன்று படங்களை விடிய விடியப் பார்த்தார்கள். பீட்டா வைத்திருந்தவன் ஒரே இரவில் அநாதையாகவில்லை. சோனி பீட்டாமேக்ஸ் ரெக்கார்டர் செய்வதை 2002இல்தான் நிறுத்தியது. நாடா விற்பதை 2016 வரை நிறுத்தவில்லை.

இன்னொரு போர் நடக்காமலே நின்றது. அதைப் பற்றி எழுதும்போதுதான் உங்கள்மேல் எனக்கு உண்மையான ஆற்றாமை வருகிறது. 1994 செப்டம்பரில் வார்னர், டிஸ்னி, பாரமவுண்ட், யுனிவர்சல், கொலம்பியா எல்லோரும் ஒரு குழுவாகக் கூடி, வரப்போகும் எண்முறைத் தட்டுக்கு உலகெங்கும் ஒரே தரம் வேண்டும், ஒரு பக்கத்தில் 135 நிமிடப் படம் அடங்கவேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தீர்கள். அப்போதும் இரண்டு அணிகள் இருந்தன. சோனியும் பிலிப்ஸும் ஒரு தட்டு, தோஷிபாவும் டைம் வார்னரும் மாட்சுஷிடாவும் இன்னொரு தட்டு. ஐபிஎம் தலைமையில் கணினி நிறுவனங்களும் ஒன்றாகி வந்தால்தான் தொடுவோம் என்று பிடிவாதமாக நின்றன. 1995 செப்டம்பரில் இரண்டு அணிகளும் இறங்கி வந்தன. அப்படிப் பிறந்ததுதான் டிவிடி. அதை வைத்து நீங்கள் எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்று உங்கள் கணக்குப் பிள்ளைகளைக் கேளுங்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து அதே நிலைமை வந்தது. 2005 வசந்த காலத்தில் தோஷிபாவும் சோனியும் ஒரே வடிவத்துக்காகப் பேச்சு நடத்தின, முறிந்தது. அந்த வாரத்தில் நீங்கள் ஆறு பேரும் சேர்ந்து, "ஒன்றாகி வாருங்கள், அதுவரை ஒரு படமும் கிடையாது" என்று ஒரு பக்கக் கடிதம் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? படம் இல்லாத தட்டை யார் வாங்குவார்கள்? ஆனால் உங்களில் பெரும்பாலோர் அதற்கு ஆறு மாதம் முன்பே ஆளுக்கொரு கூடாரத்தில் பாய் விரித்துவிட்டீர்கள். சேர்ந்து நின்றால் பேரம் பேசும் பலம் உங்களிடம் என்பதை ஒருமுறை செய்து காட்டியவர்கள் நீங்கள்தான். மறந்துவிட்டீர்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அதன் பிறகு நடந்தது ஏலம். 2007 ஆகஸ்ட் 20ஆம் தேதி, அதுவரை இரண்டிலும் வெளியிட்டுவந்த பாரமவுண்ட், ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷனோடு சேர்ந்து, இனி எச்டி டிவிடி மட்டும் என்று அறிவித்தது. இதற்காக இரண்டுக்கும் சேர்த்து 15 கோடி டாலர் மதிப்புள்ள சலுகைகள் பேசப்பட்டன என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அந்த அறிவிப்பில் ஒரு சிறிய விதிவிலக்கு இருந்தது: ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய படங்கள் இந்த ஏற்பாட்டில் சேராது. தன் படம் எந்தப் பக்கமும் கட்டுண்டு கிடக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளும் வலிமை ஒருவருக்கு இருந்திருக்கிறது. இயக்குநர் மைக்கேல் பே இந்த அறிவிப்பைக் கண்டு கோபமாக எழுதினார், மறுநாளே தணிந்தார். எங்களைப் போன்றவர்கள் கோபப்பட்டதைத் தணிக்கக்கூட ஆளில்லை.

நவம்பர் 2ஆம் தேதி வால்மார்ட்டில் எச்டி டிவிடி பிளேயர் 98 டாலர் 87 சென்ட்டுக்கு விற்றது. ஒன்றரை ஆண்டுக்கு முன் இருந்ததிலேயே மலிவான மாதிரி 499 டாலர். அந்த வாரம் நானும் வேறொரு கடையில் வாங்கினேன். என் மனக்கணக்கு எளிமையானது: யுனிவர்சல் முதல் நாளிலிருந்து இந்தப் பக்கம், பாரமவுண்ட் இப்போதுதான் வந்திருக்கிறது, வார்னர் இரண்டு பக்கமும். ஆறில் மூன்று. நல்ல இயக்குநர்களின் பட்டியலை வைத்துப் பார்த்தால் மூன்றுக்கும் மேல். இதில் என்ன ஆபத்து?

ஆபத்து 2008 ஜனவரி 4ஆம் தேதி வெள்ளிக்கிழமை வந்தது. வார்னர், மே மாத முடிவுக்குப் பிறகு ப்ளூ-ரே மட்டும் என்றது. லாஸ் வேகாஸ் மின்பொருள் கண்காட்சியில் அந்த ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த எச்டி டிவிடி அணியின் செய்தியாளர் கூட்டம் ரத்தானது. பிப்ரவரி 11: அப்போது தபாலில் தட்டுகளை வாடகைக்கு விட்டுவந்த நெட்ஃபிளிக்ஸ் இனி ப்ளூ-ரே மட்டுமே வாங்கும். பிப்ரவரி 15: வால்மார்ட். பிப்ரவரி 19: தோஷிபா கையெடுத்துக் கும்பிட்டு விலகியது. எண்ணிப் பார்த்தால் 46 நாள். உலகெங்கும் சுமார் 10 லட்சம் எச்டி டிவிடி கருவிகள் அதற்குள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. தோஷிபா அறிவித்த அதே நாளில் யுனிவர்சல் ப்ளூ-ரேக்குப் போவதாகச் சொன்னது. துக்கம் விசாரிக்கக்கூட ஒரு நாள் எடுத்துக்கொள்ளவில்லை.

வார்னர் சொன்ன காரணம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். வாங்குகிறவர்கள் குழம்பி நிற்கிறார்கள், இப்படியே போனால் வாய்ப்புக் கதவு மூடிவிடும் என்றார்கள். உண்மைதான். ஆனால் 2005 அக்டோபரிலிருந்து இரண்டு படகிலும் கால் வைத்துக்கொண்டு, 2007 ஜனவரியில் இரண்டு வடிவங்களையும் ஒரே தட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் அச்சடிக்கும் திட்டத்தைக் காட்டிவிட்டு, அந்தத் தட்டைக் கடைக்கே கொண்டுவராமல் விட்டவர்களும் அவர்கள்தான். குழப்பத்தின் பெரும்பங்கு உங்கள் அறிவிப்பு மேடைகளிலேயே உற்பத்தியானது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த தேதி வேறு. 2008 ஜனவரி 15. வார்னரின் அறிவிப்புக்குப் பதினோரு நாள் கழித்து சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி, ஆப்பிளின் இணையக் கடையான ஐடியூன்ஸில் இனிப் படங்களை வாடகைக்கு எடுக்கலாம் என்றார். ஃபாக்ஸ், டிஸ்னி, வார்னர், பாரமவுண்ட், யுனிவர்சல், சோனி எல்லோரும் சேர்ந்திருக்கிறார்கள் என்றார். ஆறு பேரும்! தட்டு ஒன்றுக்காக மூன்று ஆண்டுகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், தட்டே இல்லாத கடையில் ஒரே வரிசையில் நின்றீர்கள். பார்க்கத் தொடங்கினால் 24 மணி நேரத்தில் படம் மறைந்துவிடும் என்ற நிபந்தனையோடு. 1998இல் டிவிஎக்ஸ் என்ற பெயரில் 48 மணி நேரத்தில் பூட்டிக்கொள்ளும் தட்டை விற்கப் பார்த்து அடுத்த ஆண்டே மூடியது உங்களில் சிலருக்காவது நினைவு வந்திருக்கும்.

இப்போது என் கோரிக்கை.

போர் முடிந்தபின் பெஸ்ட் பை, தன்னிடம் எச்டி டிவிடி பிளேயர் வாங்கியவர்களுக்கு 50 டாலர் பரிசு அட்டை கொடுத்தது. கடைக்காரருக்கு அந்தக் கூச்சம் இருந்தது. உங்களில் வார்னர் ஒன்றுதான் 2009இல் ஒரு வழி செய்தது: எச்டி டிவிடியின் உறைத்தாளை அனுப்பினால், தட்டு ஒன்றுக்கு 4 டாலர் 95 சென்ட்டும் தபால் செலவும் வாங்கிக்கொண்டு அதே படத்தின் ப்ளூ-ரேயைத் தரும். 25 படங்கள் வரை. பழைய தட்டை நாமே வைத்துக்கொள்ளலாம். இலவசம் இல்லை, அமெரிக்காவுக்குள் மட்டும், ஓராண்டுக்கு மேல் தாமதம் என்று குறை சொல்லலாம். ஆனாலும் அது ஒரு கொள்கையை ஒப்புக்கொண்டது. நான் வாங்கியது பிளாஸ்டிக் வட்டத்தை மட்டும் என்றால் அது என்னிடமே இருக்கிறது, மாற்றித் தர ஒன்றுமில்லை. நான் வாங்கியது படத்தை என்பதால்தான் உறைத்தாள் போதும் என்றார்கள்.

அந்தக் கொள்கையை எல்லோரும் எழுத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் கேட்பது. நீங்கள் ஒரு வடிவத்தையோ ஒரு சேவையையோ மேடை ஏறி ஆதரித்து, பிறகு உங்கள் முடிவின்படி அதைக் கைவிட்டால், அதில் வாங்கிய படத்தை வாங்கியவர் புதிய வடிவத்தில் அச்சுச் செலவும் அஞ்சல் செலவும் மட்டும் கொடுத்துப் பெறவேண்டும். எந்த மண்டலத்தில் குடியிருந்தாலும். தொழில்நுட்பம் தானாக மூப்படைந்து போனால் நான் கேட்கமாட்டேன். விஎச்எஸ் நாடாவுக்கு யாரிடமும் நான் நஷ்டஈடு கேட்டதில்லை. பக்கம் மாறுவது உங்கள் முடிவு என்றால் அதன் விலையில் ஒரு பங்காவது உங்கள் பக்கத்தில் எழுதப்படவேண்டும்.

பழைய கதைக்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்பீர்கள். அல்ட்ராவயலட் என்று இணையப் பெட்டகம் தொடங்கியபோது டிஸ்னி சேரவில்லை. அது 2019 ஜூலையில் மூடப்பட்டது. 2017இல் மூவீஸ் எனிவேர் என்று அதேபோன்ற இன்னொரு பெட்டகம் வந்தபோது டிஸ்னி உள்ளே, பாரமவுண்ட் வெளியே. அதே ஆட்டம், தட்டு மட்டும் காணோம். தட்டை விற்ற, வாடகைக்கு விட்ட கடைகளும் ஒதுங்கிவிட்டன: நெட்ஃபிளிக்ஸ் 2023 செப்டம்பரில் தபால் தட்டை நிறுத்தியது, பெஸ்ட் பை 2024இல் தட்டு விற்பதையே விட்டது. இணையத்தில் "வாங்கு" என்ற பொத்தானை வைத்துவிட்டு உண்மையில் உரிமம் மட்டும் தருகிறவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டமே வந்துவிட்டது. உங்கள் சொந்த மாநிலம். இனி நீங்கள் பக்கம் மாறினால் வாங்கியவன் கையில் உறைத்தாள்கூட மிஞ்சாது.

என்னிடம் இன்னும் மிஞ்சியிருக்கிறது. 41இல் 38 தட்டுகள் இன்றும் ஓடுகின்றன. மூன்று, படத்தின் பாதியில் உறைந்து நின்றுவிடுகின்றன. அடுக்குகள் அரித்துவிட்டன போலும். அவை யாருடைய படங்கள் என்று இங்கே எழுதப்போவதில்லை. உறைத்தாள்கள் மட்டும் 41ம் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. எந்த முகவரிக்கு அனுப்பவேண்டும் என்று தெரிவியுங்கள். தபால் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சி மண்டலத்துக்காரன் ஒருவன்,
சென்னை